ரெசீட்டில் அந்த ‘பி’ எதற்கு? தப்பாக எழுதும் ஆங்கிலச் சொற்களும் அவற்றின் பூர்வீகமும்

அச்சுக்கூடம் (தாராவி):

வணக்கம். தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்தில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். பில் புக், லெட்டர்ஹெட், விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை, நினைவு அஞ்சலி கார்டு எல்லாம் அடிப்போம். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

ஒரு ஹவுசிங் சொசைட்டிக்கு ரசீது புத்தகம். இருபது புத்தகம், புத்தகத்துக்கு ஐம்பது நம்பர், நம்பருக்கு மூன்று காப்பி: வெள்ளை, ரோஸ், மஞ்சள். நம்பர் போட்டு, கிழிக்கிற இடத்தில் துளை ஓட்டி, பின் அடித்து, முதுகில் துணி ஒட்டி, டெலிவரிக்குக் கட்டி வைத்தாயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் மேலாக இருந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, “அப்பா, ரெசீட் தப்பு” என்றாள். தலைப்பில் கொட்டை எழுத்தில், ‘சி’க்கு அப்புறம் ‘ஐ’, ‘இ’ என்று போட்டிருந்தோம். ‘இ’, ‘ஐ’ என்றுதான் வர வேண்டும். சொசைட்டிக்காரர் கைப்பட எழுதிக் கொடுத்ததிலும் அப்படியே இருந்தது, ப்ரூஃப் பார்த்து அவர் கையெழுத்தும் போட்டிருந்தார். இருந்தாலும் அடித்தது நான். மூவாயிரம் தாளையும் பழைய பேப்பரில் போட்டுவிட்டு, ராத்திரி பூராவும் உட்கார்ந்து மறுபடி அடித்தோம்.

தாள் அடுக்கும்போது மகள் கேட்டாள்: “இ, ஐ சரி. கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு ‘பி’ இருக்கிறதே, யாரும் அதைச் சொல்வதில்லையே, அது எதற்குப்பா?” எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் இந்த இழை.

வாடிக்கையாளர்கள் எழுதிக் கொண்டுவரும் தாளில் அடிக்கடி தப்பாக வரும் சொற்களை ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அக்காமடேஷன், செபரேட், மெயின்டனன்ஸ், ஸ்டேஷனரி, காலண்டர், ஃபுளோரசென்ட், கமிட்டி. இவை ஏன் இப்படி எழுதப்படுகின்றன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மனப்பாடம் பண்ணினது என் கையில் நிற்கவில்லை.

ஒரு வேண்டுகோள். நம் குழுவில் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறோம். தமிழில் எழுதினால் ஆங்கிலத்தின் இரண்டு ‘பி’யும் ஒன்றாகிவிடும், இரண்டு ‘டி’யும் ஒன்றாகிவிடும். போனில் பெயர் சொல்கிற மாதிரியே சொல்வோம்: பாம்பே பி, பூனா பி, டில்லி டி, தானே டி.

மாட்டுங்கா டீச்சர்:

தம்பி, முதலில் உங்கள் மகளுக்கு என் பாராட்டு. முப்பத்தொரு வருஷம் ஆங்கிலம் கற்பித்தேன். இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்ட பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தப் பூனா பி சொல்லோடு கூடப் பிறந்ததில்லை, பிறகு செருகியது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது இந்தச் சொல்லில் அது கிடையாது. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் லத்தீன் படித்தவர்களின் கை ஓங்கியது. ‘இதன் மூலச் சொல் லத்தீனில் ரெகெப்தா, பெறப்பட்டது என்று பொருள். அதில் ப் ஒலி இருக்கிறதே, எழுத்தில் அது தெரிய வேண்டாமா’ என்று சேர்த்துவிட்டார்கள். ஊர் வாய் மாறவில்லை. எழுத்து மட்டும் மாறியது.

கடன் என்ற பொருளில் வரும் ‘டெட்’டில் ஒரு பாம்பே பி சும்மா நிற்கிறதே, அதுவும் இதே கதைதான். பிரெஞ்சுக்காரர்களிடம் வாங்கியபோது டில்லி டி, இ, இரண்டு தானே டி, இ, அவ்வளவுதான். லத்தீன் ‘தெபிதும்’ நினைவாக பி ஏறியது. சந்தேகத்துக்குச் சொல்லும் ‘டவுட்’டிலும் ‘துபிதாரே’ என்ற லத்தீன் வினைக்காக அதே பி. வேடிக்கை என்னவென்றால், ரெசீட்டின் ஒன்றுவிட்ட சகோதரங்களான ‘டிசீட்’ (ஏமாற்று), ‘கான்சீட்’ (தற்பெருமை) இரண்டும் அதே லத்தீன் வேரைச் சேர்ந்தவை. அவற்றில் இந்தப் பி நிலைக்கவில்லை.

இதையாவது மூலத்தை மதித்துச் செய்தார்கள் எனலாம். தீவுக்குச் சொல்லும் ‘ஐலண்ட்’ அப்படியும் இல்லை. அது சுத்தமான பழைய ஆங்கிலச் சொல். நடுக்காலத்தில் ஐ, எல், ஏ, என், டில்லி டி என்றே எழுதினார்கள். பிரெஞ்சு வழியாக வந்த, தீவையே குறிக்கும் ‘ஐல்’ என்ற சொல்லுக்கு லத்தீன் ‘இன்சுலா’ மூலம், அதனால் அதில் எஸ் உண்டு. இரண்டும் ஒரே குடும்பம் என்று தப்பாக நினைத்து, சம்பந்தமே இல்லாத ஐலண்டுக்கும் எஸ் வைத்துவிட்டார்கள். பண்டிதர் செய்த பிழை இன்றைக்கு விதி. ஒரு குழந்தை அந்த எஸ்ஸை விட்டுவிட்டால் நாம் சிவப்பு மையால் வட்டம் போடுகிறோம். வட்டம் போட வேண்டியதுதான், ஆனால் இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அந்தக் குழந்தை மறுபடி அந்தப் பிழை செய்யாது. என் அனுபவம் இது.

இன்னொன்று. பழைய டாக்டர்கள் மருந்துச் சீட்டின் தலைப்பில் ‘ஆர்’ போட்டுக் காலில் ஒரு கோடு இழுப்பார்கள் அல்லவா? அது ‘ரெசிப்பி’ என்ற லத்தீன் சொல்லின் முதல் எழுத்து. ‘எடுத்துக்கொள்’ என்று பொருள். சமையல் ரெசிப்பியும் ரசீதும் மருந்துச் சீட்டும் ஒரே வேர்.

செம்பூர் செயலாளர்:

அண்ணாச்சி, உங்கள் பட்டியலில் இரண்டு சொல் எங்கள் நோட்டீஸ் போர்டில் தினமும் தொங்குகிறவை. சொசைட்டி செயலாளராக இருக்கிறேன். மெயின்டனன்ஸ் பில் மாதாமாதம் போகிறது. நான் மூன்று வருஷம் நடுவில் ‘டெய்ன்’ வருகிற மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன். மெயின்டெய்ன் என்ற வினையிலிருந்துதானே வருகிறது என்று நினைப்பு. ஒரு பெரியவர் லிஃப்ட் பக்கத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: தானே டி, இ, என், ஏ, என், சி, இ. யார் முன்னாலும் சொல்லாமல் தனியாகச் சொன்னார் பாருங்கள், அதை மறக்க மாட்டேன். ஆனால் அது ஏன் என்று எனக்குத் தெரியாது. டீச்சர் சொல்லுங்களேன்.

மாட்டுங்கா டீச்சர்:

லத்தீனில் ‘மானு தெனேரே’, கையில் பிடித்திருத்தல். பிரெஞ்சில் ‘மேன்’ என்றால் கை, ‘தெனீர்’ என்றால் பிடித்தல். பெயர்ச்சொல் அந்த ‘தென்’னை அப்படியே வைத்துக்கொண்டது. வினைச்சொல் ஆங்கிலத்துக்குள் வரும்போது ‘டெய்ன்’ ஆயிற்று. ‘சஸ்டெய்ன்’, ‘சஸ்டெனன்ஸ்’ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே மாற்றம். கட்டடத்தைக் கைவிடாமல் பிடித்திருப்பதற்கு நீங்கள் வாங்கும் பணம் அது.

கமிட்டிக்கும் ஒரு கதை உண்டு. எம் இரண்டு, தானே டி இரண்டு, இ இரண்டு. ‘கமிட்’ என்றால் ஒப்படைத்தல். கடைசியில் வரும் இரட்டை இ, எம்ப்ளாயியில் வருவது போல, ‘அது யாரிடம் செய்யப்பட்டதோ அவர்’. ஆரம்பத்தில் கமிட்டி என்றால் ஒரே ஓர் ஆள், ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர். பிறகுதான் கூட்டத்துக்குப் பெயராயிற்று.

சயான் நர்ஸ்:

எங்கள் வார்டில் தினமும் எழுதுகிற சொல் டயரியா. ஆர் இரண்டு, அப்புறம் ஹெச். டிரெய்னிங்கில் யாரும் சொல்லித் தரவில்லை, நானே தேடிப் படித்தேன். கிரேக்கத்தில் ‘தியா’ என்றால் ஊடாக, ‘ரெயின்’ என்றால் ஓடுதல். ஊடாக ஓடுவது. ஆர் ஒலியில் தொடங்கும் கிரேக்கச் சொல்லை லத்தீன்காரர்கள் ஆர், ஹெச் என்று எழுதினார்கள். முன்னால் ‘தியா’ போல ஒன்று ஒட்டும்போது ஆர் இரட்டிக்கும். ஹெமரேஜ் என்று எழுதும்போதும் அதே இரட்டை ஆர், ஹெச்: ‘ஹைமா’ ரத்தம், அடுத்தது வெடித்துப் பீறிடுதல். ஒன்று தெரிந்தால் இரண்டாவது இலவசமாக வந்துவிடுகிறது.

கண் டாக்டர் போர்டுகளைப் பாருங்கள். ஆஃப்தால்மாலஜி என்பதில் பூனா பிக்கு அப்புறம் ஒரு ஹெச், தானே டிக்கு அப்புறம் ஒரு ஹெச். முதல் ஹெச்சை விட்டுவிட்டுத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். கிரேக்கத்தில் கண்ணுக்கு ‘ஒஃப்தால்மோஸ்’. ஃப, த இரண்டும் அங்கே தனித்தனி எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு ஹெச் தேவைப்படுகிறது. டிஃப்தீரியாவிலும் இதே ஃப, த ஜோடிதான். அந்தச் சொல்லுக்கு மூலம் ‘திஃப்தேரா’, பதப்படுத்திய தோல். அந்த நோயில் தொண்டைக்குள் தோல் மாதிரி கெட்டியாக ஒரு படலம் கட்டும். அதைப் பார்த்துப் பிரெஞ்சு மருத்துவர் ப்ரெத்தோனோ வைத்த பெயர்.

பதின்மூணாம் காம்பவுண்ட்:

எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், கோபிக்க வேண்டாம்.

எங்கள் அப்பா ஊரிலிருந்து வந்து தோல் பட்டறையில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். எனக்கு ஆறு வயது இருக்கும்போது காய்ச்சல். மூன்று நாள் லீவு கேட்டு, பக்கத்து வீட்டுப் பையனை வைத்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதில் பிழை இருந்திருக்கிறது. ஆபீஸில் இருந்த ஒருவர் அதை நாலு பேர் முன்னால் உரக்கப் படித்துச் சிரித்தார். அப்பா அதற்கப்புறம் இன்றுவரை எந்தத் தாளிலும் கையெழுத்துக்கு மேல் ஒரு சொல் எழுதியதில்லை. தமிழில் கூட.

விஷயம் புரிந்தது அல்லவா? குழந்தைக்குக் காய்ச்சல், லீவு வேண்டும். அதற்கு மேல் ஒரு எழுத்து முன்னே பின்னே இருந்தால் என்ன? பழைய லத்தீன் பண்டிதர் இஷ்டத்துக்குச் செருகிய எழுத்துக்காக எங்கள் ஆட்கள் ஏன் தலைகுனிய வேண்டும்? பிழையில்லாமல் எழுதுவது நல்லதுதான். ஆனால் அதை வைத்து ஆளை அளப்பதை நான் ஏற்க மாட்டேன்.

அச்சுக்கூடம் (தாராவி):

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மிஷினை நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். சிரித்தவர் செய்தது தப்பு, அதில் இரண்டு பேச்சு இல்லை.

ஆனால் என் தொழிலில் பார்த்ததைச் சொல்கிறேன். பிழையோடு அச்சான போர்டு ஒரு சின்னக் கடைக்காரருக்குத்தான் நஷ்டம். பெரிய இடத்தில் பிழை இருந்தால் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. நம் ஆள் இட்லிக் கடை போர்டில் இருந்தால் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் சுற்ற விடுகிறார்கள். அதனால்தான் என் கடையைத் தாண்டி ஒரு பிழையும் போகக் கூடாது என்று பார்க்கிறேன். சரியான எழுத்து நம்மைக் காப்பாற்றுகிற சட்டை மாதிரி. அது எல்லாருக்கும் கிடைக்கட்டும் என்பதற்காகத்தான் இந்தக் கதைகளைக் கேட்கிறேன். வருகிற வாடிக்கையாளரிடம் ‘தப்பு’ என்று சொல்வதை விட, ‘இந்த எழுத்துக்கு ஒரு கதை இருக்கிறது’ என்று சொல்ல எனக்கும் வாய் வரும்.

முலுண்ட் அம்மா:

அமெரிக்காவில் தேசிய அளவில் ஸ்பெல்லிங் பீ என்ற, சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்லும் போட்டி 1925இலிருந்து நடக்கிறது. 1985இல் பாலு நடராஜன் என்ற மாணவர் வென்றார். இந்திய வம்சாவளியில் முதல் வெற்றி அதுதான், கடைசிச் சொல் ‘மில்யூ’. அந்தப் போட்டியில் மேடையில் நிற்கிற பிள்ளை ‘இது எந்த மொழியிலிருந்து வந்த சொல்’ என்று நடுவரிடம் கேட்கலாம், பதில் சொல்லுவார்கள். என் மகன் வீடியோ பார்த்துவிட்டு இப்போது எந்தச் சொல்லுக்கும் முதலில் அதைத்தான் கேட்கிறான். பிரெஞ்சு என்றால் ஒரு மாதிரி, கிரேக்கம் என்றால் வேறு மாதிரி எழுதுகிறான். டீச்சர், பட்டியலில் மீதியையும் சொல்லுங்கள், அவனுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

மாட்டுங்கா டீச்சர்:

சொல்கிறேன்.

அக்காமடேஷன். பேயிங் கெஸ்ட் தேடுகிறவர்கள் ரயில்வே ஸ்டேஷன் வாசல் தூணில் ஒட்டும் நோட்டீஸில் பெரும்பாலும் ஒரே எம். சி இரண்டு, எம் இரண்டு. மூன்று துண்டாகப் பிரியுங்கள். ‘அத்’ என்றால் நோக்கி, அதன் கடைசி எழுத்து அடுத்ததோடு சேர்ந்து இரட்டை சி ஆகிறது. நம் புணர்ச்சி இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதே இல்லை: பொன், குடம் சேர்ந்து பொற்குடம் ஆவது போல நிலைமொழி ஈறு திரிகிறது. அப்புறம் ‘கொம்’, ஒன்றாக. அப்புறம் ‘மோதுஸ்’, அளவு. கொம்மின் எம் ஒன்று, மோதுஸின் எம் ஒன்று. இரண்டில் எதையும் விட முடியாது.

செபரேட்டில் நடுவில் இ என்று காது சொல்கிறது, ஆனால் ஏ. ‘செ’ என்றால் விலக்கி, ‘பராரே’ என்றால் ஆயத்தம் செய்தல். பராரேயின் ஏ அது. டெஃபினிட் என்பதில் ஏ போடுகிறவர்களுக்கு ‘ஃபினிஸ்’, எல்லை. ஃபினிஷ் என்ற சொல்லும் அங்கிருந்துதான். அதில் ஏ கிடையாது, இதிலும் கிடையாது.

ஸ்டேஷனரி, உங்கள் தொழிலுக்கே உரியது. அசையாமல் நிற்பதற்கு ஏ, ஆர், ஒய். காகிதம், பேனாவுக்கு இ, ஆர், ஒய். இரண்டுக்கும் வேர் ஒன்றே. நடுக்கால ஐரோப்பாவில் பல வியாபாரிகள் தலைச்சுமையாகச் சுற்றி விற்றார்கள். பல்கலைக்கழகங்களுக்குப் பக்கத்தில் நிலையாகக் கடை போட்டுப் புத்தகம் விற்றவர் ‘ஸ்டேஷனர்’, ஓரிடத்தில் நிற்பவர். லண்டனில் அவர்கள் சங்கத்துக்கு 1557இல் அரச சாசனமே கிடைத்தது. அவர் விற்ற பொருள் ஸ்டேஷனரி. பேக்கர், பேக்கரி போலத்தான், ஆளின் பெயரில் இருக்கும் இ பொருளின் பெயரிலும் இருக்கும்.

காலண்டர் கடைசியில் ஏ, ஆர். ரோமாபுரியில் மாத முதல் நாள் ‘கலெந்தே’. கடன் தவணை கட்ட வேண்டிய நாள் அது. கடன் கணக்கு எழுதிய புத்தகம் ‘கலெந்தாரியும்’. நாம் சுவரில் மாட்டுவதற்கு அந்தக் கணக்குப் புத்தகத்தின் பெயர்.

ஃபுளோரசென்ட்டில் எல், யூ, ஓ. எல், ஓ, யூ என்று மாற்றினால் மாவு ஆகிவிடும். ஃபுளோர் என்பது ஒரு கனிமம், அது ஒளிர்வதைப் பார்த்து 1852இல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி வைத்த பெயர். மாவு வேறு குடும்பம். அது பூவைக் குறிக்கும் ஃபிளவர்தான், அரைத்ததில் பூப்போன்ற நயமான பகுதி என்ற பொருளில் வந்தது.

பேங்க் கவுண்டர்:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். செக்கில் நாற்பதாயிரம் எழுதும்போது ஃபோரில் இருக்கிற யூ ஃபார்ட்டியில் கிடையாது. முன்பு இரண்டு மாதிரியும் எழுதியிருக்கிறார்கள், யூ இல்லாததே நிலைத்தது. ஒன்பதாவது என்று எழுதும்போது நைனின் இ போய்விடும்.

கோரேகாவ் கோடர்:

நான் மென்பொருள் வேலை. ஸ்பெல் செக் இருக்கிறதே என்று சொல்கிறவர்களுக்கு: ஸ்டேஷனரியில் எது வேண்டும் என்று அது பெரும்பாலும் கண்டுபிடிக்காது, இரண்டும் சரியான சொல் ஆயிற்றே.

இன்னொரு சங்கதி. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும்போது, எங்கிருந்து வந்தோம் என்று உலாவி சர்வருக்குச் சொல்லும். அந்தத் தகவல் வரியின் பெயர் ‘ரெஃபரர்’. நடுவில் ஆர் இரண்டு வர வேண்டும். இணையப் பக்கங்களை அனுப்பி வாங்கும் விதிமுறையான ஹெச்டிடிபி 1.0க்கு 1996இல் வந்த ஆவணத்தில் ஒற்றை ஆரோடு பதிவாகிவிட்டது. உலகம் முழுக்க நிரல்கள் அதை நம்பி எழுதப்பட்டுவிட்டன, மாற்ற முடியவில்லை. இன்றைக்கும் நான் சரியாக எழுதினால் நிரல் வேலை செய்யாது, பிழையாகத்தான் எழுத வேண்டும். டீச்சர் சொன்ன ஐலண்ட் கதை எனக்கு அப்படியே இதுதான்.

மாட்டுங்கா டீச்சர்:

அருமையான எடுத்துக்காட்டு. அந்த இரட்டை ஆருக்கும் காரணம் இருக்கிறது. ‘ரெஃபர்’ என்பதில் அழுத்தம் கடைசி அசையில். அப்படி இருந்தால் பெரும்பாலும் எழுத்து இரட்டிக்கும்: ரெஃபர்ட், அக்கர்ட், பிகினிங். அழுத்தம் முதல் அசையில் இருந்தால் இரட்டிக்காது: ஆஃபர்ட், விசிட்டிங், ஓப்பனிங். ‘ரெஃபரன்ஸ்’ என்னும்போது அழுத்தம் முன்னால் போய்விடுகிறது, அதனால் ஒரே ஆர். உங்கள் வாயால் உரக்கச் சொல்லிப் பார்த்தால் கை தானாக எழுதும்.

நம் சொற்கள் அங்கே போன கதையையும் முலுண்ட் அம்மாவின் மகனுக்குச் சொல்லுங்கள். கட்டுமரம் அங்கே ‘கட்டமரான்’, சுருட்டு ‘செரூட்’, மிளகுத் தண்ணீர் ‘முல்லிகட்டானி’. நம் ஊர்ச் சமையல்காரர் சொன்னதைக் காதில் வாங்கி, தங்கள் எழுத்தில் கைக்கு வந்தபடி எழுதினார்கள். நம் ஒற்றை ‘ள’வுக்கு அங்கே எல் இரண்டு. அதையும் இன்று சரியான ஸ்பெல்லிங் என்று அகராதியில் வைத்திருக்கிறார்கள்.

பதின்மூணாம் காம்பவுண்ட்:

நர்ஸ் அக்கா எழுதிய டிஃப்தீரியா விஷயத்தை ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். தோல் என்ற கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பதப்படுத்தின தோலா, பச்சைத் தோலா?” என்று கேட்டார். பதப்படுத்தியது என்றேன். “அப்போ சரி, அதுதான் அப்படி விறைப்பாக நிற்கும்” என்றார். அப்புறம் அந்தச் சொல்லை ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

சயான் நர்ஸ்:

அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள் தம்பி.

அச்சுக்கூடம் (தாராவி):

எல்லாருக்கும் நன்றி. நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் கதையை எழுதிக்கொண்டேன். மகள்தான் எழுதினாள், நான் சொன்னேன்.

இன்று காலையில் ஒரு அம்மா வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கம், கிறிஸ்தவக் குடும்பம். கணவருக்கு முதலாம் ஆண்டு நினைவு கார்டு, இருநூறு. மேலே தமிழில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’, கீழே ஆங்கிலத்தில் கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் எத்தனை மணிக்கு என்று. ‘செமட்ரி’யை சி, இ, எம், இ, தானே டி, ஏ, ஆர், ஒய் என்று எழுதியிருந்தார்கள். அதுவும் என் நோட்டில் இருக்கிற சொல்தான், முன்பே அகராதியில் பார்த்து வைத்திருந்தேன். கிரேக்கத்தில் ‘கொய்மெதேரியோன்’, தூங்கும் இடம். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் உயிர்கள் மூன்றும் இ ஆகிவிட்டன. ஏ அதில் எங்குமே இல்லை.

அந்த ஏவை அடித்து இ போட்டுவிட்டு, “அம்மா, இந்த இங்கிலீஷ் சொல்லுக்கும் நித்திரை செய்கிற இடம் என்றுதான் அர்த்தம்” என்றேன். அவர்கள் தாளை வாங்கி, மேலே இருந்த தமிழ் வரியையும் கீழே இருந்த அந்தச் சொல்லையும் மாறி மாறிப் பார்த்தார்கள். “அப்போ இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்க தம்பி” என்றார்கள். பதினாலு பாயிண்டில் இரண்டையும் வைத்து ப்ரூஃப் எடுத்திருக்கிறேன். சாயங்காலம் பார்க்க வருகிறார்கள்.